‘மாத்திரை வேண்டாம்’ என்கிறார் அப்பா: வற்புறுத்துவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு ஒரு வீடியோ கால். “மாத்திரை சாப்பிட்டீங்களாப்பா?” “ம், சாப்பிட்டாச்சு.” அவ்வளவுதான், பேச்சு வேறு பக்கம் போய்விடும். தீபாவளிக்கு வீட்டுக்குப் போய் அலமாரியைத் துடைக்கும்போதுதான் உண்மை வெளியே வரும். பழைய மைலோ டின்னுக்குள் மூன்று மாதத்து மாத்திரைகள், அட்டை பிரிக்காமல்.

உங்களுக்குக் கோபம் வரும். வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கோபத்தில் அன்றைக்கு ராத்திரியே “இனி என் கண் முன்னால சாப்பிடுங்க” என்று டின்னில் இருப்பதையெல்லாம் எடுத்து விழுங்க வைத்துவிடாதீர்கள். அதற்கு மருத்துவக் காரணம் ஒன்று இருக்கிறது. அப்பா மாத்திரை எடுக்காததால் கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் ரத்த அழுத்தமும் இனிப்பு நீரும் ஏறியே காட்டியிருக்கும். ‘ஒழுங்கா சாப்பிடுறேன்’ என்று அவர் சொன்னதை டாக்டர் நம்பியிருப்பார். மருந்து போதவில்லை என்று நினைத்து அளவை ஏற்றியிருப்பார், இரண்டு மருந்து மூன்றாகியிருக்கும். டின்னில் இருப்பது அவர் உடம்பு இதுவரை பார்க்காத அளவு. அதை ஒரேயடியாக ஆரம்பித்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். படுக்கையிலிருந்து எழும்போது அழுத்தம் விழுந்து அவரும் விழலாம். மறுநாள் அந்த டின்னோடு கிளினிக்குக்குப் போவதுதான் முதல் வேலை.

இரண்டாவது வேலை கொஞ்சம் கடினம். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்பது. திட்டாமல் கேட்பது.

அப்பா மட்டும்தான் இப்படியா?

இல்லவே இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2003-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நீண்டகால நோய்களுக்கு மருந்து எடுப்பவர்களில், வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள் என்றது அது. வசதி குறைந்த நாடுகளில் நிலைமை இன்னும் மோசம். அதனால் ‘எங்க அப்பா ஒரு பிடிவாதக்காரர்’ என்பது முழு விளக்கமாக முடியாது. உலகத்தில் பாதிப் பேர் பிடிவாதக்காரர்களாக இருக்க வாய்ப்பில்லையே.

மலேசியாவில் இதன் விலை அதிகம். 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது, அதாவது ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு. 29.2 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம். 3 பேரில் ஒருவருக்குக் கொலஸ்ட்ரால். இனவாரியாகப் பார்த்தால் நீரிழிவு இந்தியர்களிடம்தான் அதிகம் என்பதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. டயாலிசிஸ் செய்துகொள்வோர் எண்ணிக்கை நாடு முழுக்க 50,000-ஐத் தாண்டிவிட்டது. அங்கே கொண்டுபோய் விடும் முதல் காரணம் நீரிழிவு. மைலோ டின்னுக்குள் இருக்கும் மாத்திரைகளுக்கும் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலிக்கும் நடுவே பல ஆண்டுகள் இருக்கலாம். அந்த ஆண்டுகளில் வெளியே ஒன்றும் தெரியாது என்பதுதான் சிக்கல்.

பெரட்டு போனது, பிளாஸ்டிக் பை வந்தது

பேராக்கில் இன்றைக்கு 60, 70 வயதில் இருக்கும் நம்மவர்களில் நிறைய பேர் தோட்டத்தில் பிறந்தவர்கள். சுங்கை சிப்புட், சிம்மோர், தாப்பா, பாகான் டத்தோ என்று எந்தப் பக்கம் போனாலும் ‘அந்தக் காலத்துல எங்க தோட்டத்துல’ என்று ஆரம்பிக்கும் ஒரு தாத்தா இருப்பார். அவர்கள் மருந்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு அந்தத் தோட்டத்தில் ஒரு வேர் இருக்கிறது.

விடிவதற்கு முன்னால் ஆள் கணக்கெடுக்க வரிசையில் நிற்பதைத்தான் பெரட்டு என்பார்கள். மலேரியா ஆட்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற காலத்தில் பல தோட்டங்களில் அந்தப் பெரட்டிலேயே குயினைன் கொடுத்தார்கள். எதற்கு என்ற விளக்கமெல்லாம் கிடையாது. வாயைத் திற, விழுங்கு, வேலைக்குப் போ. பிறகு தோட்டத்து மருந்தகமும் அதில் ஒரு டிரெசரும் வழக்கமானது. தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-இல் தனிச் சட்டமே வந்தது. அந்த டிரெசருக்குத் தமிழ் தெரியும். எந்த லயத்தில் யாருக்கு என்ன நோய் என்றும் தெரியும். மாத்திரையைக் கையில் கொடுத்து, முழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

அதை அழகான காலம் என்று நான் சொல்லவில்லை. டிரெசர் நிர்வாகத்தின் ஆள். உடம்பு முடியவில்லை என்றால் அதை அவர் ஒத்துக்கொண்டால்தான் வேலைக்கு விடுப்பு. மருந்து என்றால் மேலே இருந்து வரும் உத்தரவு என்ற எண்ணம் அப்படித்தான் உள்ளே போயிருக்க வேண்டும். உத்தரவு போட ஆள் இருந்தவரை விழுங்கினார்கள்.

பிறகு 1980, 90-களில் ரப்பர் போய் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் தாமானுக்கும் மலிவு விலை அடுக்குமாடிக்கும் பெயர்ந்தன, தோட்ட வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆளும், தமிழில் விளக்கிச் சொன்ன ஆளும் ஒரே நாளில் காணாமல் போனார்கள், ஏனென்றால் இருவரும் ஒரே ஆள்.

இப்போது என்ன? அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி, ஒரு எண், ஒரு நாற்காலி, கடைசியில் ஒரு பிளாஸ்டிக் பை. பையின் மேல் ‘1 பிஜி, 2 காலி செஹாரி, செலெபாஸ் மாக்கான்’ என்று மலாய் மொழியில் அச்சிட்டிருக்கும். நமக்கு அது ஒரு நொடி வேலை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் பாதியில் நின்ற ஒருவருக்கு, ஐந்து பைகளில் ஐந்து விதமாக எழுதியிருந்தால், அது தினமும் ஒரு பரீட்சை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு “எனக்கு இதெல்லாம் வேணாம்” என்று சொல்லிவிடுவது அவருக்குச் சுலபம். நாமும் அதை மறுப்பு என்று எழுதிக்கொள்கிறோம்.

மெட்ராஸில் ஒரு கேள்வி

மருந்து சாப்பிடாத நோயாளியை என்ன செய்வது என்ற கேள்வியை உலகத்திலேயே மிகக் கவனமாக ஆராய்ந்த இடங்களில் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. 1956-இல் சென்னையில், அன்றைய மெட்ராஸில், காசநோய்க்கான மருந்து சிகிச்சையை ஆராய ஒரு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து நடத்தியது. தலைமை தாங்கியவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். படுக்கைகள் போதாத ஊரில், ஏழை நோயாளியை அவருடைய நெரிசலான வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியுமா என்பதுதான் கேள்வி. 1959-இல் பதில் வந்தது. முடியும். ஓய்வும் நல்ல சாப்பாடும் கிடைத்த சானடோரியம் நோயாளிகளுக்கும், வீட்டிலிருந்தே மருந்து எடுத்தவர்களுக்கும் முடிவு ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆனால் வீட்டுச் சிகிச்சைக்கு ஒரு நிபந்தனை இருந்தது: மருந்தை உண்மையிலேயே எடுக்க வேண்டும், அதுவும் ஓராண்டுக்கு. அதில் பாஸ் என்ற மருந்து வயிற்றைப் புரட்டும். சில வாரத்தில் இருமல் நின்று உடம்பு தேறியதும் ‘இன்னும் எதுக்கு’ என்று தோன்றும். ஃபாக்ஸின் குழு சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணியது, சிறுநீரைச் சோதித்தது. யார் எடுப்பார், யார் எடுக்கமாட்டார் என்று முன்கூட்டியே கணிக்க நம்பகமான வழி இல்லை என்று புரிந்தது. அதனால் நோயாளியைக் குறை சொல்வதை விட்டுவிட்டு, முறையை மாற்றினார்கள். வாரத்துக்கு இரண்டு முறை வந்தால் போதும், ஊழியர் முன்னால் மருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற சிகிச்சையைச் சோதித்து, அது வேலை செய்கிறது என்று 1960-களில் காட்டினார்கள். இன்றைக்கு மலேசியாவில் காசநோயாளி சுகாதார ஊழியர் பார்க்க மாத்திரை விழுங்குகிறாரே, டாட்ஸ் என்ற அந்த முறைக்கு அடித்தளம் போட்ட இடங்களில் மெட்ராஸும் ஒன்று.

அப்படியானால் பக்கத்தில் நின்று பார்த்தாலே போதுமா? 1998-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஊழியர் முன்னால் விழுங்கியவர்களில் 54 விழுக்காட்டினர் சிகிச்சையை வெற்றிகரமாக முடித்தார்கள், தாங்களே பார்த்து எடுத்தவர்களில் 60 விழுக்காட்டினர். கண்காணிப்பால் பலன் கூடவில்லை. இதற்கு முரணான ஆய்வுகளும் உண்டு, எனவே டாட்ஸ் வீண் என்று யாரும் முடிவுக்கு வரவேண்டாம். பார்ப்பவர் யார், எப்படி நடத்துகிறார், அங்கே போய்வர எவ்வளவு சிரமம் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். உங்கள் தினசரி வீடியோ காலுக்கும் இதே கணக்குதான்.

‘வேணாம்’ என்றால் என்ன அர்த்தம்?

மருந்து பற்றிய நம்பிக்கைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ராப் ஹோர்ன் என்ற பிரிட்டிஷ் பேராசிரியர் ஒரு எளிய தராசைச் சொல்கிறார். ஒரு தட்டில் ‘இது எனக்குத் தேவையா?’, இன்னொரு தட்டில் ‘இது என்னை என்ன செய்யுமோ?’ பயத்தின் தட்டு கனத்தால் மாத்திரை டின்னுக்குள் போகும். நாம் வழக்கமாகத் தேவைத் தட்டில் மட்டும் கல்லைப் போட்டுக்கொண்டே இருப்போம். “சாப்பிடலைன்னா கால எடுத்துருவாங்க”, “கண்ணு போயிடும்”. பயத் தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அதில் அடிக்கடி இருப்பது, “இங்கிலீஷ் மருந்து கிட்னியைக் கெடுத்துடும்”. புந்தோங் காப்பிக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு தடவையாவது காதில் விழும். (அதே மேசையில் உப்புப் போட்ட கச்சாங் பூத்தே பொட்டலம் காலியாகிக்கொண்டிருக்கும், அது வேறு கதை.) இந்தப் பயம் வெறும் கட்டுக்கதையிலிருந்து வரவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் பத்து வருஷம் மெட்ஃபார்மின் சாப்பிட்டார், டயாலிசிசுக்குப் போனார். இரண்டையும் பார்த்தவர் முடிச்சுப் போடுகிறார். சிறுநீரகத்தை அரிப்பது கட்டுப்படாத சர்க்கரையும் அழுத்தமும்தான். சிறுநீரகம் ஏற்கனவே பலவீனமானால் மெட்ஃபார்மினின் அளவைக் குறைப்பார்கள், ரொம்பக் குறைந்துவிட்டால் நிறுத்துவார்கள். அந்த நிறுத்தத்தைத்தான் ‘பார், அதனாலதான் கெட்டுச்சு’ என்று ஊர் புரிந்துகொள்கிறது. அப்பாவிடம் பேசும்போது “அது பொய்” என்று ஆரம்பிக்காதீர்கள். “அந்த அண்ணனுக்கு எப்போ நிறுத்தினாங்க?” என்று கேளுங்கள். அவருடைய சொந்த ரத்தப் பரிசோதனையில் சிறுநீரக அளவு என்ன என்று டாக்டரைக் கேட்டுக் காட்டச் சொல்லுங்கள். தன்னுடைய எண்ணைப் பார்த்தால் நம்பிக்கை வரும்.

அடுத்தது பக்கவிளைவு. இதைப் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லவே மாட்டார்கள். மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றுப்போக்கு கொடுக்கும். காலையில் பஸ்ஸில் போகிற ஒருவர் அதைச் சாப்பிடாமல் விடுவதில் என்ன ஆச்சரியம்? அம்லோடிபின் சிலருக்குக் கால் வீங்க வைக்கும். பெரிண்டோபிரில் சிலருக்கு வறட்டு இருமல் கொடுக்கும், ராத்திரித் தூக்கம் போகும். நீர் மாத்திரை போட்டால் அரை மணிக்கு ஒரு தடவை கழிவறை தேட வேண்டும், கோயில் திருவிழாவுக்கு எப்படிப் போவது? இவை ஒவ்வொன்றுக்கும் மாற்று உண்டு. சாப்பாட்டோடு எடுப்பது, மெதுவாகக் கரையும் வகைக்கு மாறுவது, வேறு மருந்து, வேறு நேரம். டாக்டருக்குத் தெரிந்தால்தானே மாற்றுவார்? ஆண்களுக்குப் படுக்கையறைச் சிக்கல் வந்தால் அதை மகளிடம் சொல்லவே மாட்டார். அப்படி ஒன்று இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், ஓர் ஆண் டாக்டரோடு அவரைத் தனியாகப் பேச விட்டு நீங்கள் வெளியே போய்விடுங்கள்.

இன்சுலின் என்றால் தனிப் பயம். ‘ஊசி வந்துட்டா கடைசி கட்டம்’ என்பார்கள். நமக்குத் தெரிந்த பலர் ரொம்பத் தாமதமாக இன்சுலினுக்குப் போனதால், ஊசிக்குப் பிறகு சீக்கிரம் இறந்ததைப் பார்த்திருக்கிறோம். தாமதம் செய்ததை ஊசியின் மேல் எழுதிவிட்டோம்.

விரதத்தையும் விட்டுவிடக்கூடாது. தைப்பூசத்துக்குக் கல்லுமலைக்குக் காவடி எடுக்க ஒருவேளைச் சாப்பாட்டோடு வாரக்கணக்கில் விரதம் இருப்பவர், ‘இந்த நாள்ல மாத்திரை வேணாம்’ என்று நிறுத்திவிடுவார். இன்னொருவர் சாப்பாட்டைக் குறைத்துவிட்டு கிளிக்லாசைட் மாத்திரையை மட்டும் அப்படியே போடுவார். இரண்டாவது ஆள்தான் மயங்கி விழும் அபாயத்தில் அதிகம் இருக்கிறார். முஸ்லிம் நோயாளிகளுக்கு ரமலானுக்கு முன் மருந்து நேரத்தையும் அளவையும் மாற்றித் தருவது கிளினிக்குகளில் பழக்கமான வேலை. நாமும் விரதத்துக்கு முன்னால் போய்க் கேட்கலாம். கேட்பதில்லை.

மாத்திரையின் நிறம் மாறிவிட்டது என்று நிறுத்துபவர்களும் உண்டு. அரசாங்கக் கொள்முதலில் நிறுவனம் மாறினால் அதே மருந்து வேறு வடிவத்தில் வரும். போன மாசம் வெள்ளை, இந்த மாசம் மஞ்சள். ‘தப்பான மருந்து கொடுத்துட்டாங்க’ என்று நினைப்பது அறிவுள்ள எச்சரிக்கைதான், யாரும் சொல்லிக் கொடுக்காதபோது.

மூட்டு வலிக்குச் சந்தையில் வாங்கும் ஜாமு பற்றி ஒரு வார்த்தை. பதிவு செய்யப்படாத சில தயாரிப்புகளில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. வலி மாயமாய்ப் போகும், சர்க்கரை எகிறும். டப்பாவில் ‘மால்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் மருந்தாளரிடம் காட்டுங்கள்.

இதெல்லாம் இல்லாமல், ஒழுங்காக எடுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினால் கவனம் தேவை. மனச்சோர்வாக இருக்கலாம், மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம், விழுங்கவே கஷ்டமாக இருக்கலாம். “இனி இருந்து என்ன ஆகப்போகுது” என்று ஒருவர் சொன்னால் மாத்திரைப் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு அதைப் பற்றிப் பேசுங்கள். 15555 என்ற ஹீல் எண்ணில் மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

மைலோவில் கலந்து கொடுத்தால் என்ன?

நல்ல எண்ணத்தோடு பல வீடுகளில் நடக்கும் காரியம். ரசத்தில் போடுவது, தேத்தண்ணியில் கரைப்பது. முதலில் மருந்து ரீதியான பிரச்சினை: மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையை நசுக்கினால் ஒரு நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கும். பாதி மைலோவை வைத்துவிட்டுப் போனால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. அதைவிடப் பெரிய பிரச்சினை, ஒருநாள் அவர் கண்டுபிடிப்பார். அன்றிலிருந்து உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். ‘சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள்’ என்ற சந்தேகமே நோயின் அறிகுறியாக உள்ள ஒருவருக்கு நீங்கள் உண்மையிலேயே கலந்தால், அவருடைய சந்தேகம் சரி என்று நிரூபித்துவிட்டீர்கள்.

முற்றிய மறதி நோய் போன்ற சில நிலைகளில், மருத்துவக் குழுவும் குடும்பமும் சேர்ந்து பேசி எழுத்தில் முடிவெடுத்து இப்படிச் செய்வது உண்டு. அடுப்படியில் தனியாக எடுக்கும் முடிவாக அது இருக்கக்கூடாது.

தஞ்சோங் ரம்புத்தான் பெயரைச் சொல்லிச் சிரிப்பதற்கு முன்

பேராக்கில் வளர்ந்தவர்கள் எல்லாரும் பள்ளியில் இந்தக் கிண்டலைக் கேட்டிருப்போம்: “உன்ன தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்.” ஈப்போவுக்குப் பக்கத்தில் 1911-இல் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனை அது. இன்றைய பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே இருந்தார்கள். 1950-களில் மனநோய்க்கு மருந்துகள் வந்த பிறகுதான், வீட்டுக்குத் திரும்பி வாழ முடியும் என்ற நிலை பலருக்கு வந்தது. அந்த மருந்தை வீட்டில் யார் கொடுப்பது என்ற கேள்வியும் அதோடு சேர்ந்து வீட்டுக்கு வந்தது.

அதனால் இங்கே மறுப்பு என்பது இன்னும் கூர்மையானது. ஸ்கிசோஃப்ரினியா போன்ற நோயில் பலருக்குத் தனக்கு நோய் இருப்பதே தெரியாது. அது அடம் இல்லை, நோயின் ஒரு பகுதி. “உனக்கு வியாதி, ஒத்துக்கோ” என்று எத்தனை மணி நேரம் வாதாடினாலும் பலன் கிடைக்காது. அமெரிக்க உளவியலாளர் சேவியர் அமடோர், ஸ்கிசோஃப்ரினியா இருந்த தன் அண்ணனோடு பல வருடம் இப்படிச் சண்டை போட்டுத் தோற்ற பிறகு வேறு வழியைக் கண்டுகொண்டார். கேட்பது, உணர்ந்துகொள்வது, ஒத்துப்போகும் இடத்தைப் பிடிப்பது, கூட்டாளியாவது. அவர் அதைப் பற்றி எழுதிய புத்தகம் 2000-இல் வந்தது.

நம் வீட்டில் அது எப்படி இருக்கும்? தம்பி சொல்கிறான், “எனக்கு ஒன்னும் இல்லக்கா. அந்த மாத்திரை போட்டா எச்சில் ஒழுகுது, உடம்பு பெருத்துப் போச்சு, வேலைக்கு எழும்ப முடியல.” இதில் நோயைப் பற்றி வாதாட எதுவுமே தேவையில்லை. “ராத்திரி தூக்கம் வராம நீ படுற கஷ்டம் எனக்குத் தெரியும். மாத்திரை எடுத்த மாசம் தூங்கினியே. அந்தத் தூக்கம் வேணும், எச்சில் வேணாம். டாக்டர்கிட்ட அப்படியே கேப்போமா?” அவன் நோயை ஒத்துக்கொள்ளாமலே சிகிச்சைக்கு ஒத்துக்கொள்ள இடம் கிடைக்கிறது. மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம். தினமும் மாத்திரைக்குச் சண்டை வேண்டாம் என்றால் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. மெண்டாரி போன்ற சமூக மனநல மையங்கள் வழியாகவும் பேசலாம். நோயாளியைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு ‘அனுப்பும்’ பேச்சை வீட்டில் மிரட்டலாகப் பயன்படுத்தாமல் இருப்பது பெரிய உதவி. ஒரு நாள் உண்மையிலேயே போக வேண்டி வந்தால், அதை அவன் தண்டனையாக எடுத்துக்கொள்ளக்கூடாது அல்லவா?

சட்டம் என்ன சொல்கிறது?

முடிவெடுக்கும் திறனோடு இருக்கும் பெரியவர் ஒருவர் சிகிச்சை வேண்டாம் என்று சொல்லலாம். அது முட்டாள்தனமான முடிவு என்று நமக்குப் பட்டாலும் அவருடைய உரிமை. பிள்ளைகள் கையெழுத்துப் போட்டு அதை மாற்ற முடியாது. இதைப் பல குடும்பங்கள் மருத்துவமனைக் கவுண்டரில்தான் முதன்முதலாகத் தெரிந்துகொள்கின்றன.

விலக்குகள் குறுகலானவை. 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் சுகாதார அதிகாரிகளுக்கு நோய் பரவாமல் தடுக்கும் அதிகாரங்களைத் தருகிறது, காசநோயும் அதற்குள் வரும். மனநோய்க்கு 2001-இல் நிறைவேறி 2010-இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம் இருக்கிறது. அதன்படி ஒருவரின் விருப்பமில்லாமல் மருத்துவமனையில் சேர்க்க உறவினரின் விண்ணப்பம் வேண்டும், அவரை நேரில் பரிசோதித்த மருத்துவ அதிகாரியின் பரிந்துரையும் வேண்டும். தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையில் இருப்பவரைப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகப் போலீஸுக்கும் சமூகநல அதிகாரிக்கும் அதிகாரம் இருந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 309 நீக்கப்பட்ட அதே 2023-இல், இந்த அதிகாரம் தீயணைப்பு, பொதுத் தற்காப்புப் படை போன்ற துறையினருக்கும் விரிந்தது. கத்தி கையில் இருக்கிறது, கூரை மேல் நிற்கிறார் என்றால் 999-ஐ அழையுங்கள், அங்கே பேச்சுத் திறமையைச் சோதிக்க வேண்டாம்.

மாத்திரை டின்னுக்குள் போகிறது என்பதற்கு இந்தச் சட்டங்கள் எதுவும் உதவாது. பெரும்பாலான வீடுகளில் இருப்பது அந்தப் பிரச்சினைதான். கட்டாயப்படுத்த வழி இல்லாததால் அங்கே பேச்சு மட்டும்தான் மிஞ்சுகிறது.

அடுத்த அப்பாய்ண்ட்மெண்ட்டுக்கு

லீவு எடுத்து ஒருமுறை கூடப் போங்கள். டின்னை அப்படியே எடுத்துப் போங்கள், எண்ணிப் பார்க்க வெட்கப்பட வேண்டாம். பல கிளினிக்குகளிலும் மருத்துவமனைகளிலும் மருந்தாளர்கள் நடத்தும் எம்டிஏசி என்ற தனிப் பிரிவு இதற்காகவே இருக்கிறது. ஒவ்வொரு மருந்தையும் எடுத்து வைத்து, எது ஏன், எதைக் குறைக்கலாம், எதை ஒரே நேரத்துக்கு மாற்றலாம் என்று உட்கார்ந்து பேசுவார்கள். ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையோ பக்கத்துச் சுகாதார கிளினிக்கோ, எங்கே தொடர் சிகிச்சை எடுக்கிறாரோ அங்கே கேளுங்கள். மாதாமாதம் மருந்து வாங்கப் போவதுதான் தடை என்றால் தபாலில் அனுப்பும் வசதியையும், வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கிளினிக்கில் வாங்கிக்கொள்ளும் வசதியையும் கேட்கலாம். தோட்டத்துக்குள் இன்னும் இருப்பவர்களுக்கு ஒரு தடவை போய்வர ஆகும் கிராப் காசு, ஒரு வெள்ளிக் கட்டணத்தைப் போல் பல மடங்கு.

டாக்டர் முன்னால் அப்பாவுக்குப் பதில் நீங்கள் பேசாதீர்கள். இது என் தனிப்பட்ட கோரிக்கை, ஏனென்றால் நானே செய்த தப்பு. என் பாட்டியின் மாத்திரைப் பட்டியலை ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பித்து நல்ல பேத்தி என்று பெயர் வாங்கினேன். வெளியே வந்து காடியில் ஏறியதும்தான் பாட்டி சொன்னார், “அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையப் போட்டா எனக்குத் தலை சுத்துது கண்ணு. நீதான் பேசிட்டே இருந்தியே.” திரும்ப உள்ளே போக எண் எடுக்க வேண்டியிருந்தது. அது சுற்றினது அழுத்த மாத்திரையால், அளவைப் பாதியாக்கினார்கள்.

மலாய் லேபிளைத் தமிழில் எழுதி ஒட்டுவது பத்து நிமிட வேலை. காலை மாத்திரைக்குச் சூரியன், இரவு மாத்திரைக்கு நிலா என்று வரைந்தாலும் சரி. நிறம் மாறி வந்தால் உடனே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், மருந்தாளரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று. வீடியோ காலில் “சாப்பிட்டீங்களா?” என்பதற்குப் பதிலாக “இந்த வாரம் எத்தனை தடவை விட்டுப்போச்சு?” என்று கேட்டுப் பாருங்கள். முதல் சில வாரம் “ஒன்னுமில்ல” என்றே வரும். திட்டு விழாது என்று நம்பிய பிறகு ஒருநாள், “ரெண்டு நாள் போடல, கால் வீங்குச்சு” என்று வரும். அதைக் குறித்துவைத்து அடுத்த அப்பாய்ண்ட்மெண்ட்டில் அவரையே சொல்லச் சொல்லுங்கள்.